மாமியின் பெயர்

2024ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 21ஆந் திகதி, சனாதிபதித் தேர்தல் நடந்த சனிக்கிழமையன்று, எமது வீட்டில் எல்லோருக்கும் முன்னதாக எழுந்து நீராடித் திருநீறணிந்து, வெள்ளைச் சேலையுடுத்து, விறாந்தைக் கதிரையில் வந்து அமர்ந்தவர் எமது மாமியாவர். மாமியென்றதும் வாசகர்கள் மனைவியின் அன்னையாரை எண்ணிவிடலாகாது. இவர் எமது தந்தையாரின் தமக்கையார். எண்பது வயதைத் தொட்டவர். மடியிலே ஒரு துணிப்பை. பையினுள் அடையாள அட்டை. அதனைச் சுற்றி ஒரு கைக்குட்டை.

வாக்காளர் அட்டை மட்டும் அவருக்கு வந்து சேரவில்லை. எமக்கும் எமது மனைவிக்குமாக இரண்டு அட்டைகள் தபாலில் வந்திருந்தன. மாமியினுடையது வழியில் எங்கேனும் தவறியிருக்கும் என்று கருதினோம். அட்டை கைக்கு வாராவிடினும், இடாப்பிற் பெயர் இருக்குமாயின் அடையாள அட்டையைக் காட்டி வாக்களிக்கலாம் என்பது விதி. அந்த விதியை மாமிக்கு எடுத்துரைத்துத் தைரியமும் கூறினோம். உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியன் ஒருவன் வீட்டிலிருக்கையில் அவருக்கு என்ன குறை?

வாக்குச் சாவடி அயலிலுள்ள பாடசாலை. இடாப்பைப் பார்த்துப் பெயர் வாசிக்கும் இடத்தில் இருந்த இளைஞர் எம்மைக் கண்டதும் பாதி எழுந்தார். எம்மிடம் படித்தவர். அடையாள அட்டையை வாங்கித் தாளை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். மறுமுறை விரல் வைத்துப் பார்த்தார். பின்னர் அருகிலிருந்தவரிடம் மெல்ல ஏதோ சொன்னார். அவரும் பார்த்தார்.

“சேர், அம்மான்ரை பேர் இஞ்சை இல்லை” என்றார் இளைஞர், தாழ்ந்த குரலில்.

“வடிவாய்ப் பார், மோனை” என்றார் மாமி.

அவர் வடிவாகத்தான் பார்த்தார். பெயர் இருக்கவில்லை. எமக்குப் பின்னே வரிசை நீண்டுகொண்டிருந்தது. நாமும் மனைவியும் வாக்களித்து விரலில் மையுடன் வெளியே வந்தபோது, மாமி வேப்பமர நிழலில் நின்று எமது விரல்களைப் பார்த்தார். முச்சக்கர வண்டியில் திரும்பும் வழியெல்லாம் அவர் ஒன்றும் பேசவில்லை. எமது படலையண்டை இறங்கும்போதுதான் கேட்டார்: “நான் இருக்கிறன் எண்டு ஆர் எழுத வேணும்? விதானையாரோ, நீயோ?”

கிராம உத்தியோகத்தரை இன்றும் விதானையார் என்று அழைப்பவர் மாமி. ஆனால் எழுதவேண்டியவர் விதானையார் அல்லர். எழுதவேண்டியவர் நாமே.

நடந்தது இது. மாமி பல்லாண்டு காலம் வவுனியாவில் தம் மகனுடன் வாழ்ந்தவர். மகன் எமக்கு மைத்துனர். 2022இல், முழங்கால் வருத்தம் காரணமாக, வைத்தியசாலை அருகில் இருக்கட்டும் என்று மாமி எம்மோடு வந்து தங்கினார். சில மாதங்கள் என்று வந்தவர் அப்படியே இங்கு நிலைத்துவிட்டார். ஆண்டுதோறும் வீடுவீடாக வரும் பீ.சீ. படிவத்தை மைத்துனர் வவுனியாவில் நிரப்பியபோது, “அம்மா இப்போது யாழ்ப்பாணத்தில் அல்லவா? மச்சான் எழுதியிருப்பார்” என்று விட்டுவிட்டார். அதே படிவத்தை நாம் இங்கு நிரப்பியபோது, “மாமியின் பெயர் வவுனியாவில் இருக்கிறது, ஒருவர் பெயர் இரண்டு இடங்களில் இருத்தலாகாது” என்று விட்டுவிட்டோம். இருவரும் சட்டமறிந்தே நடந்தோம். சட்டமறிந்த இருவர் நடுவே மாமி காணாமற் போனார்.

ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்திருக்கக்கூடிய காரியம். அதற்குப் பின்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. இடாப்பை உறுதிசெய்யுமுன் அதன் வரைவைக் கிராம உத்தியோகத்தர் பணிமனையிலும் பிரதேச செயலகத்திலும் மக்கள் பார்வைக்கு வைப்பார்கள். விடுபட்டோர் உரிமை கோரலாம். தகுதியற்றோர் பெயர் இருந்தால் ஆட்சேபிக்கலாம். அந்தப் பணிமனை நாம் நாள்தோறும் கல்லூரிக்குச் செல்லும் பாதையிலேயே இருக்கிறது. ஒருநாளாயினும் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தோமில்லை.

எமது குற்றத்தை மறைத்துக்கொண்டு மறுவாரம் வகுப்புக்குச் செல்ல மனம் ஒப்பவில்லை. மாணவர்களிடம் நடந்ததைச் சொன்னோம். சிரிப்பார்கள் என்று எண்ணினோம், சிரிக்கவில்லை. பலருக்கு அவ்வாண்டில் 18 வயது நிறைவுறும் காலம். தத்தம் பெயரைப் பற்றிய ஐயம் அவர்களுக்கு அப்போதுதான் உதித்தது. “சேர், பதினெட்டு முடிஞ்சால் தன்பாட்டிலை வந்திடாதோ?” என்று ஒருவன் கேட்டான்.

வாராது. இதனை மாணவர்களும் அவர்தம் பெற்றோரும் நன்கு விளங்கிக்கொள்ளல் வேண்டும். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, வாக்குரிமையை யார் பிரயோகிக்கலாம் என்று 4ஆம் உறுப்புரையிற் கூறுமிடத்து, 18 வயதடைந்த பிரசை என்பதோடு நின்றுவிடவில்லை. அவருடைய பெயர் தேருநர் இடாப்பிற் பதியப்பட்டிருத்தலையும் சேர்த்தே கூறுகிறது. பிரசாவுரிமை பிறப்பால் வரலாம்; வயது காலத்தால் வரும்; பெயரோ ஒருவர் பேனா எடுத்து எழுதினாலன்றி வாராது. இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. முன்பு யூன் மாதம் 1ஆந் திகதியே கணக்குக்குரிய நாளாக இருந்தது. 2021ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தின் பின்னர் அது பெப்ரவரி 1 ஆயிற்று. அதன்பின் இடையில் 18 வயது நிறைவோரைச் சேர்த்துக்கொள்ளத் துணை இடாப்புகளுக்கும் வழி செய்யப்பட்டது. ஆகவே ஆண்டின் நடுவிற் பிறந்த பிள்ளைகள் அடுத்த ஆண்டுவரை வாளாவிருக்கத் தேவையில்லை.

தகைமையின்மை பற்றிய விதிகள் சில உண்டு. பிரசையல்லாதவர், சித்த சுவாதீனமற்றவர் எனச் சட்டப்படி காணப்பட்டவர், பாரதூரமான குற்றத்துக்காகச் சிறைத்தண்டனை பெற்றவர், தேர்தல் ஊழல் புரிந்தவர் முதலியோர் குறித்த காலம்வரை விலக்கப்படுவர். பரீட்சையில் இவற்றை மாணவர்கள் ஒப்புவித்துவிடுவார்கள். எமக்கு வியப்பளித்தது, பின்வரிசையிலிருந்து வந்த வேறொரு வினா: “படிப்புத் தேவையில்லையோ, சேர்?”

தேவையாயிருந்த காலமும் உண்டு. 1911இல், படித்த இலங்கையருக்கென்று சட்டநிரூபண சபையில் ஒரேயோர் ஆசனம் ஒதுக்கப்பட்டுத் தேர்தல் நடந்தது. பொன்னம்பலம் இராமநாதன் வென்றார். நாடு முழுவதிலும் அத்தேர்தலுக்குத் தகுதி பெற்றிருந்தோர் ஏறக்குறைய 3,000 பேரே. பின்னர் வட்டம் சிறிது விரிந்தது. ஆயினும் எழுத வாசிக்கத் தெரிந்த, வருமானமோ சொத்தோ உடைய, 21 வயதான ஆண்மகனுக்கே வாக்கு. 1924இல் இடாப்பில் இருந்தோர் சனத்தொகையில் நூற்றுக்கு நால்வர் அளவினர். எமது பாட்டனார் தோட்டஞ் செய்தவர். பிறர் நிலத்திற் புகையிலை நட்டவர். அக்காலத்து இடாப்பில் அவர் பெயர் இருக்க வழியில்லை. பாட்டியார் பெயரைப்பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

டொனமூர் ஆணைக்குழுவினர் 1928இல் வெளியிட்ட அறிக்கையிலே, பெண்களுக்கு 30 வயதின்மேல் வாக்கு என்றுதான் விதந்துரைத்தார்கள். இறுதியில் ஆண் பெண் இருபாலாருக்கும் 21 வயது என்று நிச்சயிக்கப்பட்டது. 1931 யூனில் முதன்முதலாகச் சர்வசன வாக்குரிமையின்படி அரசாங்க சபைத் தேர்தல் நடந்தது. எழுத்தறியாதாரும் வாக்களிக்கும் பொருட்டு ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒவ்வொரு நிறப் பெட்டி வைக்கப்பட்டது. இராமநாதனைப் போன்ற பெரியோர் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தவர்கள் என்பதையும் மாணவர்க்கு மறைக்காமற் சொல்லிவிடுகிறோம். பெரியோர் சொல்லெல்லாம் சரியாயிருத்தல் வேண்டும் என்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லாதிருத்தல் இயலாது. உலகில் எத்தனையோ நாட்டு மாதர்க்குக் கிட்டாத வாக்கு எமது மாதர்க்குக் கிட்டிய அந்த 1931இலே, யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் நியமனப்பத்திரம் தாக்கல் செய்யவில்லை. டொனமூர் யாப்பு பூரண சுயராச்சியம் தரவில்லை என்பது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசாரின் வாதம், அதனால் பகிஷ்காரம். நோக்கம் உயர்ந்தது என்பதில் எமக்கு ஐயமில்லை. அன்று அதனை முன்னின்று நடத்தியோருட் பலர் எம்மைப் போன்ற ஆசிரியர்களே, தன்னலமற்றவர்கள். ஆயினும், நான்கு ஆசனங்களும் 1934இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை வெறுமையாகவே கிடந்தன. எமது பாட்டியார் தம் வாழ்நாளில் முதன்முதலாகப் பெற்ற வாக்கை எங்கே இட்டிருக்கக்கூடும்? பெட்டியே வைக்கப்படவில்லை. அவரிடம் எவரேனும் ஒரு சொல் கேட்டிருப்பார்களோ என்று சில வேளைகளில் நினைப்பதுண்டு.

மாணவர்களிடம் இவ்வளவும் கூறிய அன்று மாலை, விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவன் ஒருவன் ஆசிரியர் அறை வாயிலில் வந்து நின்றான். கிளிநொச்சிப் பிரதேசத்தவன். அவன் குடும்பம் மலையகத் தோட்டமொன்றிலிருந்து 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் வடக்கே வந்தது. “சேர், எங்க தாத்தாவுக்கு அறுபது வயசுக்கு மேலதான் ஓட்டு கிடைச்சிச்சு” என்றான். பெருமையாகச் சொன்னானோ வருத்தத்தோடு சொன்னானோ, பிரித்தறிய முடியவில்லை.

வகுப்பில் நாம் விரைவாகக் கடந்துவிட்ட பக்கம் அது. 1931இலேயே தோட்டத் தொழிலாளர் பலரிடம் நிரந்தர வாசத்துக்குச் சான்று கேட்டார்கள். அப்படியிருந்தும் 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசின் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். மறு ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வாசிகளுக்கான சட்டமும், பிரசைக்கே வாக்கு என்ற தேர்தற் சட்டத் திருத்தமும் தொடர்ந்தன. விவாகமானவர் 7 ஆண்டு, விவாகமாகாதவர் 10 ஆண்டு இடையறாது வசித்தமைக்குச் சான்று காட்டுதல் வேண்டும். அதுவும் இரண்டாண்டுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். லயன் அறையிற் பிறந்து, பிறப்புப் பதிவே இல்லாத ஒருவர் எந்தத் தாளைக் கொண்டு எதனை நிறுவுவார்? 1952ஆம் ஆண்டுத் தேர்தலின்போது அவர்களிற் பெரும்பாலோர் இடாப்பில் இல்லை. அவர்களின் பிரதிநிதிகள் சபையிலும் இல்லை. எமது யாழ்ப்பாணத்துத் தலைவர்களும் இவ்விடயத்தில் ஒருமனப்படவில்லை என்பது சரித்திரம். 1949இல் தமிழரசுக் கட்சி தோன்றுதற்கு வழிகோலிய பிளவுகளுள் இதுவும் ஒன்று.

1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையில், அம்மக்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று எழுதிக்கொண்டார்கள். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்க்கலாம் என்று விட்டார்கள். பத்தாண்டு கழித்து 1974இல் அந்த எச்சத்தையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். முதிசக் காணியைப் பங்கிடுவோர்கூடக் காணியைச் சென்று பார்த்துவிட்டே பங்கிடுவர். 1988இல் ஒரு சட்டம், 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் என்று வந்தபின்னரே நாடற்றவர் என்ற நிலை அவர்களுக்கு நீங்கியது. 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் வசித்தவர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை வழங்கியது. அம்மாணவனின் தாத்தா அச்சட்டத்தினாற் பிரசையானவர். அந்தத் தாளைப் பொலித்தீனிற் சுற்றி ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தாராம். 2009இல் இடம்பெயர்ந்து ஓடியபோது சட்டி பானையை விட்டார்; பெட்டியை விடவில்லை.

“வீட்டில யாரையும் பீ.சீ. தாள்ல கைவைக்க விடமாட்டாரு சேர். எங்கப்பா எழுதுவாரு, தாத்தா பக்கத்துல இருந்து எண்ணுவாரு” என்றான்.

பிரசாவுரிமையைப் பற்றி ஒருநாளேனும் கவலைகொள்ள நேராத எமக்கு, ஒரு பெயரை விட்டுவிடுதல் எத்தனை இலேசாயிற்று! அம்மாணவன் சென்றபின் நெடுநேரம் அறையிலேயே இருந்தோம்.

எமக்கு 18 வயது நிறைந்தது 1997இல். அதற்கு இரண்டாண்டு முன்னர், 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்ற பெருங்கூட்டத்தில் எமது குடும்பமும் ஒன்று. திரும்பி வந்த காலத்தில் வீட்டிற் பெயர் எழுதவேண்டிய பட்டியல் நிவாரணப் பட்டியல் ஒன்றே. அரிசிக்கும் மாவுக்கும் பெயர் வேண்டும். வாக்குக்குப் பெயர் வேண்டும் என்று எமது தந்தையார் நினைத்திருப்பாரென்று தோன்றவில்லை. நாமும் கேட்டோமில்லை. கனடாவுக்குச் சென்றுவிட்ட எமது தமையனார் பெயரோ பல்லாண்டு காலம் இடாப்பில் அழியாதிருந்தது. 2024ஆம் ஆண்டுத் தேர்தல்களிலும் வெளிநாட்டிலிருந்தபடி வாக்களிக்க வழியிருக்கவில்லை என்பதை வாசகர் அறிவர்.

போர்க்காலத்து இடாப்பு அவ்வாறு சென்றவர் பெயராலும் மறைந்தவர் பெயராலும் பருத்திருந்தது. 2010ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்து இடாப்பில் 7,21,359 பேர். தெரிவானோர் 9 பேர். இடாப்பு சீர்செய்யப்பட்டபின் 2015இல் 5,29,239 பேர்; தெரிவானோர் 7 பேர். 2024 நவம்பரில் தெரிவானோர் 6 பேர். ஆசனங்களிற் பெரும்பகுதி மாவட்டங்களுக்குப் பங்கிடப்படுவது இடாப்பிலுள்ள தொகையைக் கொண்டே. சென்றவர் பெயரை நீக்கியது நீதியே. அதனைக் குறைகூற மாட்டோம். ஆனால் இருப்பவர் பெயரை எழுதாமல் விடுவதற்கு எவர்மீது குறைகூறுவது? மாமியைப்போல் ஒவ்வோர் ஒழுங்கையிலும் ஒருவர் விடுபட்டிருந்தால் தொகை என்னவாகும் என்று கணக்குப் பார்க்க முயன்று, பாதியிலே நிறுத்திக்கொண்டோம்.

அந்த 2024 நவம்பர் 14ஆந் திகதிப் பொதுத்தேர்தலன்று மாமி சேலை மாற்றவில்லை. நாம் சென்றுவரும்வரை முற்றத்தில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். 2025 மே 6ஆந் திகதி உள்ளூராட்சித் தேர்தலும் வந்தது. அதற்குள் மாமியின் பெயரைப் புதிய படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டோம். ஆனால் தேர்தல் நடந்ததோ 2024ஆம் ஆண்டின் இடாப்பைக் கொண்டு. எட்டு மாதங்களில் மூன்று தேர்தல்கள். 1965 முதல் வாக்களித்து வந்தவர். போர்க்காலத்திற் சிலவற்றைத் தவறவிட்டவர். தவறவிட்டவற்றுக்கெல்லாம் காரணம் சொல்லக்கூடியவர். இம்மூன்றுக்கும் அவர் சொல்லக்கூடிய காரணம் எமது பெயரே. இதுவரையில் எவரிடமும் அவர் அதைச் சொல்லவில்லை. அதுவே எமக்குப் பாரமாயிருக்கிறது.

அந்தப் புதிய படிவத்தின் கதையையும் கூறிவிடுகிறோம். 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒருநாள் மாலை கிராம உத்தியோகத்தர் படலையில் நின்று கூப்பிட்டுப் படிவத்தைத் தந்து சென்றார். முந்திய மார்கழியில் எமது மகளுக்கு 18 வயது நிறைந்திருந்தது. பேனாவை எடுத்துக்கொண்டு மேசையில் அமர்ந்தோம். மகள் வந்து, “அப்பா, இந்தமுறை நான் எழுதுறன்” என்று படிவத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டாள். கேட்டவிதத்தில் மறுக்க இடமிருக்கவில்லை.

அடையாள அட்டைகளை வரிசையாக அடுக்கினாள். மாமியை அழைத்து அருகில் இருத்தினாள். முதல் வரியிலேயே மாமியின் பெயரை எழுதினாள். பிரதான வீட்டுக்காரர் பெயரன்றோ முதலில் வருதல் வேண்டும் என்றோம்.

“ஓம் அப்பா. வீட்டிலை மூத்தது அப்பம்மாதானே?”

எமது தாயார் மறைந்த பின் மாமியை அவள் அப்பம்மா என்றே அழைத்து வருகிறாள். எம்மைப் பார்த்து அவள் சிரிக்கவுமில்லை. இரண்டாம் வரியில் எமது பெயரை எழுதி, உறவுமுறை என்ற இடத்தில் ‘மருமகன்’ என்று எழுதினாள். பின்னர் தாயின் பெயர். கடைசியாகத் தன் பெயர். எழுதி முடித்து விரல் வைத்து நால்வரையும் எண்ணினாள்.

அவ்வாறாயின் கையொப்பமிட வேண்டியவரும் மாமியே. மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குச் சிறிது நேரம் சென்றது. எட்டாம் வகுப்புவரை படித்த மாமிக்கு எழுத்து இன்னும் உருண்டையாகவே வருகிறது. கடைசி எழுத்தின் புள்ளியை வைத்தபின், தாளை விளக்கின் பக்கம் சாய்த்து, எழுதியிருந்த நான்கு பெயர்களையும் வாய்விட்டு வாசித்தார். எமது பெயரை வாசித்த இடத்தில் சற்று நிறுத்தி, “இவன்ரை பேரும் இருக்குது” என்றார்.